செவி வயது

அறுபதைத் தாண்டியவர்கள் வண்டி உரிமத்தைப் புதுப்பிக்க இப்போது கண் பரிசோதனை மட்டும் போதாது. செவி வயதும் பார்க்கிறார்கள். வீட்டிலேயே மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, வெள்ளிதோறும் வெளியாகும் புதுப் பாட்டுகளைக் கேட்க வேண்டும். புல்லரித்தால் வயது குறையும்.

என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்குக் கல்லூரியை விட்டு வந்த பிறகு வெளியான எந்தப் பாட்டும் பிடித்ததில்லை. "பாட்டா இது? மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்பார். அதனால் பட்டையை என் கையில் கட்டிவிடுவார். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். எனக்கு நிஜமாகவே புல்லரிக்கும்.

அவருக்குச் செவி வயது இருபத்திரண்டு என்று சான்றிதழ் வந்தது. குடியிருப்போர் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். "மனசைத் திறந்து வெச்சுக்கணும்" என்று அரை மணி நேரம் பேசினார். நானும் கை தட்டினேன்.

போன வாரம் எனக்கு அறுபது முடிந்தது. இதற்குள் பரிசோதனையை உரிம அலுவலகத்துக்கே மாற்றியிருந்தார்கள்; அங்கே என் கையில் பட்டையைக் கட்டி, இந்த வருஷத்துப் பாட்டுகளைப் போட்டார்கள். எல்லாம் அவர் கணக்கில் நான் புல்லரித்து முடித்தவை. மறுபடி கேட்டபோது தலை தானாக ஆடியது, கையில் ஒரு முடிகூட எழும்பவில்லை. செவி வயது எழுபத்தெட்டு என்று சொல்லி, என் ஸ்கூட்டர் உரிமத்தை ரத்து செய்தார்கள்.

வாசலில் தணிகைவேல் தன் வண்டியோடு நின்றார்.

"வயசாயிடுச்சுன்னு அப்படியே உக்காந்துடக் கூடாது, மங்கை. புதுசா நாலு பாட்டு கேட்டுப் பழகு. இப்ப ஏறு."

ஏறினேன். வீடு வரைக்கும் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டையே போட்டுக்கொண்டு வந்தார்.