பாரம் இறங்கிய குழம்பு

மக்னீசியம் மிகுந்த எரிமலைக் குழம்பு ஒன்று, பூமியின் அடியாழத்திலிருந்து நிக்கலையும் செம்பையும் தனக்குள் கரைத்துச் சுமந்துகொண்டு வந்தது. வளைவுக்கு வளைவு, "எல்லாம் என் தலையில்தான்" என்று அலுத்துக்கொண்டது.

வழியில் அதன் சூட்டில் உருகிய கந்தகம், "நானும் வரட்டுமா?" என்றது.

"வந்து தொலை. இத்தனை பேரைச் சுமக்கிறேன், நீ ஒரு பாரமா?" என்றது குழம்பு.

கந்தகம் குழம்போடு கலக்காமல் துளித்துளியாக ஒதுங்கி நின்றது. நிக்கலும் செம்பும் மெல்ல அதனிடம் போய் ஒட்டிக்கொண்டன. மூன்றும் சேர்ந்து கனத்து, அடியில் போய்ப் படிந்தன.

"இவ்வளவு தூரம் சுமந்தவனை விட்டுவிட்டா போகிறீர்கள்?"

"சுமந்தீர்கள், அண்ணே. அதைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போனோம்" என்றது நிக்கல். "இவர் உட்காரச் சொன்னார்."

பாரம் இறங்கிவிட்டது. இனி எதைச் சொல்லி அலுத்துக்கொள்வது என்று தெரியாமல், குழம்பு அங்கேயே நின்று கல்லாகிப்போனது.