ஒன்பதாம் கிணறு

தணிகைவேல் ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கி, ஓர் ஆளுக்கு மட்டும் சோறு வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு கொல்லைக் கிணற்றில் மாதிரி எடுத்தான். கொல்லையை ஒட்டி ராணுவக் கிடங்கின் மதில். பீரங்கி உதிரிகளைக் கழுவிய திரவத்தை முப்பது வருஷமாக உள்ளே மண்ணில் ஊற்றியிருந்தார்கள். அவன் மனைவி தமயந்தி செத்த மறு வருஷம்தான் அதைச் சுத்தம் செய்ய ஆள் எடுத்தார்கள். அவனும் சேர்ந்தான். சுத்தம் செய்யவேண்டிய கிணறுகளின் பட்டியலில் அவன் கிணறு ஒன்பதாம் எண்.

ஊரெல்லாம் உப்புத் தண்ணீர். இந்த ஒரு கிணறுதான் இனிக்கும். அதற்காகவே கல்யாணமானதும் இருவரும் இந்த வீட்டுக்கு வந்தார்கள். வேதியியல் படித்தவன் அவன். இனிப்பை அவனும் சந்தேகிக்கவில்லை.

பத்து மணிக்குப் பொறியாளர் போன வார மாதிரியின் அறிக்கையோடு வந்தார்.

"ஒம்பது பாஸ் ஆயிடுச்சுப்பா. மொத டம்ளர் உனக்குத்தான், வீட்டுக்காரன்ல நீ."

தணிகைவேல் இறைத்துக் குடித்தான்.

"என்னய்யா, மூஞ்சி கோணுது?"

"உப்பு, சார்."

"அப்ப சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம். முன்னாடி இனிச்சதெல்லாம் அந்தக் கழுவுன தண்ணிதான்." சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் தமயந்தி வேறு தண்ணீரைத் தொடவில்லை. தினமும் இந்தக் கிணற்றிலிருந்து இரண்டு பாட்டில் அவன்தான் சுமந்தான். கடைசி நாள் பாட்டில் தீர்ந்துபோனது. நர்ஸ் கொடுத்த தண்ணீரை ஸ்பூனில் ஊட்டினான். அவள் துப்பிவிட்டாள்.

"கரிக்குதுங்க. நம்ம வீட்டுத் தண்ணி கொண்டாங்க."