அனுமதி மறுக்கப்பட்டது

“அடுத்தவன் பூட்டி வெச்சதுல போய் மூக்க நொழைக்கறதுக்குப் பேரு வேலையாம்மா? எங்க வூட்ல அதுக்குத் திருட்டுன்னு பேரு!”

சூசைநாதன் போட்ட சத்தத்தில் கொடிக்கயிற்றில் இருந்த காக்கை பறந்தது. அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். மனைவி இறந்த பின் மூன்று வருடமாகக் குடும்ப மானம் மொத்தத்தையும் தனியாகவே சுமக்கிறார். அரியூரில் யாரும் அவரைச் சுமக்கச் சொன்னதில்லை.

மருமகள் ஜெனிபர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்த சாஃப்ட்வேர் எல்லா பைலையும் காப்பி எடுக்கும் மாமா. பூட்டின பைல் வந்தா நின்னுடக் கூடாது, பூட்ட ஒடைக்கவும் கூடாது. ஒதுங்கிப் போவணும். போவுதான்னு பாக்கறதுதான் என் வேல.”

“அத ஒன் லேப்டாப்புல பாரேன். இந்தப் பெட்டிதான் கெடச்சுதா?”

“நாலு பேரு பொழங்கற பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கச் சொல்லிட்டாங்க. பதினோரு மணிக்குள்ள ரிப்போர்ட் போவலன்னா என் வேல நிரந்தரம் ஆவாது.”

“ஆவாட்டி போவுது. மானம் பெரிசா, வேல பெரிசா?”

பின்வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்த அவர் தங்கை அந்தோணி மேரி திரும்பினாள்.

“ஏண்ணே, நீ இன்னாத்துக்குக் குதிக்கற? அதுல பூசைப் பாட்டும் பேரன் ஞானஸ்நானப் போட்டாவும்தான கெடக்குது!”

“ஒனக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு பைல நோண்டும், நாளைக்கு பீரோவ நோண்டும்!” என்றவர் சுவிட்சில் கை வைத்தார்.

“ஐயோ மாமா! இப்ப நிறுத்தினா மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டணும்!”

கை அங்கேயே நின்றது.

“பூட்டினத நெசமாலுமே தொறக்காதே?”

“தொறந்தா அது சாஃப்ட்வேரோட தப்பு. நானே திட்டி எழுதிடுவேன்.”

“மாதா மேல சத்தியம் பண்ணு.”

“மாதா மேல சத்தியம்!”

சூசைநாதன் கையை எடுத்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முதுகு நாற்காலியில் பட்டது.

பத்தே முக்காலுக்கு ஓட்டம் முடிந்தது. ஜெனிபர் கைதட்டினாள்.

“பாஸாயிடுச்சு மாமா! ஒரு பூட்டையும் தொடல!”

“பின்ன? நம்ம வூட்டுப் பெட்டியாச்சே, மரியாதை தெரியும்” என்று மீசையை நீவினார் அவர்.

“தொறக்க முடியாத பைலோட பேர மட்டும் லிஸ்டு போட்டிருக்கும். அத சரி பாத்து அனுப்பிட வேண்டியதுதான். நான் டெஸ்டுக்குப் பூட்டினது மூணு... இன்னாது, நாலு காட்டுது?”

சூசைநாதன் எழுந்து திரையை மறைப்பதற்குள், கையில் மீனோடு எட்டிப் பார்த்த அந்தோணி மேரி, தெருவுக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள்:

“அனுமதி மறுக்கப்பட்டது... மணமகள் தேவை... சூசைநாதன்... வயது ஐம்பத்தெட்டு!”