கடைசி ரூம்

"கண்ணைத் திறக்கக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. லாரியில அடிபட்டு மயங்கிக் கெடக்குற, புரியுதா?" என்றாள் ஜோசஃபின் சிஸ்டர்.

யசோதா தலையாட்டப் பார்த்தாள். கழுத்துப் பட்டை விடவில்லை. நெற்றியில் பூசிய குங்குமமும் எண்ணெயும் ரத்தம் மாதிரி காதுக்குள் வழிந்தது. பெல்ட் போட்டு ஸ்ட்ரெச்சரோடு கட்டியாகிவிட்டது.

ஆபரேஷன் படிப்பு படிக்கிற சின்ன டாக்டர்களுக்கு இன்று பரீட்சை. ஒவ்வொருவராக வந்து, நிஜமாகவே அடிபட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்க்க வேண்டும். இடுப்பில் பேஜரோடு மூலையில் உட்கார்ந்து பெரிய டாக்டர் சாமிநாதன் மார்க் போடுவார்.

"ஒழுங்கா படுத்திருந்தா ஆயா வேலைக்குச் சொல்றேன். கைக்குழந்தை கிழந்தை ஒண்ணும் இல்லியே?" என்று சிஸ்டர் காலையிலேயே கேட்டிருந்தாள்.

"இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள் யசோதா.

குழந்தை வராந்தாவில், பக்கத்து வீட்டு மரகதத்தின் இடுப்பில் இருந்தது. காலையில் வீட்டுப் பக்கம், நீலசந்திராவில் பஸ் ஏறுவதற்கு முன்னால் குடித்த பால்தான். பாட்டிலை வைத்தால் துப்பிவிடும்.

இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் வெளியே அழுகை கேட்டது.

பசி அழுகை. யசோதாவுக்குத் தெரியாதா?

மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்தது. போர்வை விலகினால் எல்லாம் தெரிந்துவிடுமே.

அடுத்து வந்தவர் டாக்டர் தினேஷ். போன தடவை ஃபெயிலானவர்.

வந்தவர் அவளைத் தொடக்கூட இல்லை. "சிஸ்டர், வெளிய அழுற குழந்தையைக் கடைசி ரூமுக்கு அனுப்புங்க. இங்க வேணாம்" என்றார்.

பாவி மனுஷா, குழந்தை அழுவதுகூடவா பொறுக்கவில்லை உனக்கு?

அழுகை தேய்ந்து தேய்ந்து தூரமாய்ப் போயிற்று. அது இன்னும் பயமாக இருந்தது.

அவர் மூச்சைப் பார்த்தார். நாடி பார்த்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். அடக்கி வைத்த கண்ணீர் ஓரமாய் வழிந்தது. மயங்கிக் கிடக்கிறவள் அழலாமா?

அடுத்து, போர்வையில் கை வைத்தார். யசோதாவுக்கு உயிரே போயிற்று.

போர்வை விலகவில்லை. கழுத்து வரைக்கும் ஏறியது.

"நெஞ்சைப் பார்க்கலியா?" என்றார் சாமிநாதன்.

"வேணாம் சார். இவங்களை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தணும். உடனே."

"எதுக்கு? பிரஷர் சரியா இருக்குன்னு நான்தான் சொல்றேனே. வயித்தையும் தொட்டுப் பார்க்கலை."

"என்னால இங்க முடியாது சார்."

"இந்த வாட்டியும் ஃபெயிலாகணுமா?"

டாக்டர் தினேஷ் ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை எடுத்துவிட்டார்.

"சரி, உங்க இஷ்டம். மாத்தறவர்தான் பேஷண்டோட கூடப் போகணும். தள்ளிட்டுப் போங்க."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. பின்னாலேயே வந்த சிஸ்டர் புலம்பினாள்: "எல்லாம் தெரிஞ்சவர்தானே டாக்டர் நீங்க? பச்சைப் புள்ளை மாதிரி தப்புப் பண்றீங்களே?"

அழுகை கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. ஸ்ட்ரெச்சர் நின்றது. கழுத்துப் பட்டை கழன்றது, பெல்ட் கழன்றது.

"ஆய்தும்மா, முடிஞ்சுது. கண்ணைத் திறங்க" என்றார் டாக்டர் தினேஷ்.

கடைசி ரூம். மரகதம் குழந்தையை நீட்டினாள்.

"இவரு என் பக்கத்துலதான்டி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. யாரு குழந்தைன்னு கேட்டாரு, சொல்லிட்டேன்."

யசோதா குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பயந்துபோய் சிஸ்டரைப் பார்த்தாள்.

டாக்டர் தினேஷ் சிஸ்டரையும் வெளியே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சார் கேட்டா, நான் தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். குழந்தையை நானும் பார்க்கலை, நீங்களும் பார்க்கலை."