மீன் கடை வாசலில் டால்பின்

"அக்கா! அத எதுக்கு அவுக்கறீங்க?"

பக்கத்துக் கடை குப்புராஜ் ஓடி வந்தான். ஒகேனக்கல் மீன் வறுவல் கடைகளுக்கு மேலே காலையில்தான் கட்டிய பிளெக்ஸ். அதை ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்துக்கொண்டிருந்தாள் தெரசா. அவளும் அங்கே கடை வைத்திருப்பவள்தான்.

பிளெக்ஸில் சிரித்தது அவள் மகள் அன்பரசி. வெளிநாட்டில் தொட்டிகளில் வளர்க்கும் டால்பின்களைச் சோதித்து, இதுவரை யாரும் பார்த்திராத வைரஸைக் கண்டுபிடித்தவள். 'புதிய வைரஸ் கண்டுபிடித்த எங்கள் வீட்டுப் பெண்ணே!' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் ஆளுயர டால்பின்.

"உங்க பொண்ணுக்காகத்தானே கட்டுனோம்?"

தெரசா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பிளெக்ஸைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"மக பெரிய ஆளாயிட்டா இல்ல? நம்ம பிளெக்ஸெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" எதிர்க்கடை மாதம்மாள் சட்டியிடம் சொல்வதுபோல ஊருக்கே சொன்னாள்.

ஏற்கெனவே அவளுக்கு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எல்லாக் கடையும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மசாலா தடவிய மீன் அப்படியே கிடந்தது. விற்காவிட்டால் கொட்ட வேண்டியதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்தது. இறங்கியவர்கள் நேராகக் கடைக்கு வந்தார்கள். அடுத்து வந்த பஸ்ஸிலும் கூட்டம். மாதம்மாளுக்கு நிமிர நேரமில்லை.

மீனெல்லாம் தீர்ந்த பிறகு குப்புராஜ் மெதுவாகக் கேட்டான். "எப்படிக்கா, பிளெக்ஸ எடுத்ததும் யாவாரம் சூடு புடிச்சுது?"

"வந்தவங்க அண்ணாந்து படிச்சாங்க. வைரஸுன்னு எழுத்து, பக்கத்துல மீனாட்டம் படம். அப்புறம் நம்ம சட்டியப் பாத்தாங்க. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. டால்பினு மீனே இல்லன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா. அத ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னு வெளக்க முடியுமா?"

மாதம்மாள் முகம் சுண்டிப் போனது. "இத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ஆசையா கட்டுனீங்க. உங்களாலதான் யாவாரம் படுத்துச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தான். "சரிக்கா, அதக் குடுங்க. எங்கயாவது ஓரமா வெச்சிடறேன்."

"ஓரமாவா?" தெரசா பிளெக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏணிய எடுத்துக்கிட்டு வா. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல கட்டணும். எம்பொண்ண ஊரே பாக்கணும்!"