தும்பி அச்சும் வெள்ளை மையும்

தும்பி உருவம் செதுக்கிய ரப்பர் அச்சு ஒன்று இருந்தது. சுத்தம் பார்ப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. வேலை முடிந்து ஈரத்துணி துடைக்க வந்தால், "ஒரு பொட்டு மைகூட என்மேல தங்கக் கூடாது, பார்த்துக்கோ" என்று அதட்டும். பக்கத்திலேயே இருந்த சாக்பீஸ்போல வெளுத்த வெள்ளை மையை அது தொட்டதே இல்லை. ஒட்டினால் லேசில் போகாதாம்.

ஒரு நாள் கறுப்பு அட்டை வந்தது. அச்சு நீல மையைத் தொட்டுப் பதிந்தது. பச்சையைத் தொட்டும் பதிந்தது. அட்டையில் எதுவுமே தெரியவில்லை. தன் கோடெல்லாம் தேய்ந்துவிட்டது, இனிக் குப்பைக்கூடைதான் என்று அது முடிவுகட்டிவிட்டது.

"அக்கா, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. கறுப்புல நீலமும் பச்சையும் தெரிய மாட்டாங்க. என்னைத் தொட்டுப் பாருங்க" என்றது வெள்ளை மை.

அச்சு தயங்கித் தயங்கித் தொட்டது. அட்டையில் அழுத்தி எடுத்தது. மை உலர உலர, இறக்கையின் நரம்பு ஒன்றுகூட விடாமல், கறுப்பில் வெள்ளையாய் எழும்பி நின்றது தும்பி. அச்சு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

வழக்கம்போல ஈரத்துணி வந்தது.

"இறக்கை ஓரத்துல இருக்கிற வெள்ளையை மட்டும் விட்டுடு" என்றது அச்சு. "அது இருக்கட்டும்."