கலத்தை என்ன செய்வது

வளையமுள்ள கோளைச் சுற்றிவரும் விண்கலத்தில் எரிபொருள் தீரப்போகிறது. ஆயுளை நீட்டுவதா, கோளுக்குள் தள்ளி எரிப்பதா என்று கூட்டம். தலைவர் விரலில் ஒட்டிய பஜ்ஜி எண்ணெயை அந்தக் கோளின் நிலவொன்றின் படத்திலேயே துடைத்தார். "நீட்டினா ஒருநாள் இந்த நிலவுல விழுந்துரும். தண்ணி இருக்கிற இடம்யா, நம்ம அழுக்கு போய் ஒட்டிரக் கூடாது."

தரையிலிருந்து கலத்தை இயக்கும் அறவாழி அந்த எண்ணெய்க் கறையை அருவருப்போடு பார்த்தான். "தூரமாத் தள்ளி நிறுத்திரலாம் சார், பாவம்."

"சும்மா நிக்கத்தான் நீங்க இருக்கீங்களே, அறவாழி!"

எல்லோரும் சிரித்தார்கள். தானும் சேர்ந்து சிரித்ததுதான் அவனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கோளுக்குள் விழச்சொல்லும் கட்டளையையும் அவனேதான் அனுப்பினான். போகிற வழியில் அது தொலைந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருந்தான்.

கலத்திலிருந்து பதில் வந்தது: "கிடைத்தது. அப்படியே செய்கிறேன். இங்கே எல்லாம் நலம்."